இருபது விநாடி முந்தித் திறந்த கதவு

2019 மார்ச் 16, சனிக்கிழமை. ஐந்து நாற்பதுக்கு எழுந்தேன். தேநீர், இரண்டு துண்டு பாண். ஆறு ஐம்பதுக்கு லூயிஷாமில் பஸ் ஏறி, ஏழு இருபத்தைந்துக்கு ஐஸ் ரிங்கைத் திறந்தேன். வாசல் விளக்கு ஒன்று எரியவில்லை, மாற்றினேன். முதலுதவிப் பெட்டியில் பன்டேஜ் குறைந்திருந்தது, நிரப்பினேன். எட்டு மணிக்குச் சிறுவர் வகுப்பு. பத்து மணிக்குப் பொதுமக்கள். பன்னிரண்டரைக்குத் தளத்தைச் சீவி, நீர் விட்டு இறுகவிட்டோம். இரண்டு மணிக்கு ஆட்டம்.

என் நாட்குறிப்பில் அன்றைய பதிவு இப்படித்தான் தொடங்குகிறது. வழக்கமாக ஒரு நாளுக்கு அரைப் பக்கம் எழுதுவேன். அன்று மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன்.

நேரத்தையும் கோல்களையும் பதியும் ஆட்ட மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் ஏதாவது எழுதித் தரும்படி கேட்டீர்கள். முழங்காலும் குளிரும் ஒத்துவராமல் போனதால் ஐம்பத்தாறு வயதிலேயே வேலையை விட்டுவிட்டேன். எழுத நேரம் இருக்கிறது. மேசையில் இப்போது தமிழ்ப் பெயர்கள் கூடிவிட்டதால் தமிழிலேயே எழுதுகிறேன். வாசிக்க முடியாதவர்கள் வீட்டில் அம்மாவிடம் கொடுங்கள். அவருக்கும் நீங்கள் வார இறுதியில் எங்கே போகிறீர்கள் என்று தெரியட்டும். மணிக்கூட்டை எப்படி இயக்குவது, தாளை எப்படி நிரப்புவது என்பதெல்லாம் கைநூலில் இருக்கிறது. கைநூலில் இல்லாத ஒன்றை, நானே விட்ட பிழை ஒன்றை, சொல்கிறேன்.

அம்மாவுக்காக ஒரு விளக்கம். பனித்தளத்தில் ஆடும் ஐஸ் ஹொக்கியில் தவறு செய்பவர் இரண்டு நிமிடம் ஒரு பெட்டிக்குள் இருக்க வேண்டும். அதுவரை அவருடைய அணி ஓர் ஆள் குறைவாக ஆடும். எங்கள் ரிங்கில் இரு அணிகளின் பெட்டிகளும் ஒட்டியபடி இருக்கும். அவற்றுக்குப் பின்னால் ஒரு படி உயரத்தில் மேசை. பெட்டிக்குள் இருந்து கதவைக் குறித்த விநாடியில் திறந்துவிடுவது மேசைக்காரர் ஒருவரின் வேலை. நான் பத்தொன்பது வருடம் அந்தக் கதவைத் திறந்தேன்.

அன்று நடந்தது வடபிரான்ஸ் பெண்கள் அணியுடனான தொடரின் இரண்டாவது ஆட்டம். நீங்களும் பார்த்திருக்கிறீர்கள்: வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று ஆட்டம், ஒரு வருடம் இங்கே, மறு வருடம் அங்கே. அந்தத் தொடருக்கு ஒரு பெயர் கிடையாது. எந்தப் பத்திரிகையும் அதைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. பார்க்க வருபவர்கள் வீட்டுக்காரர்கள். எங்கள் தலைவி பஸ் ஓட்டுபவர். கோல் காப்பவர் மகப்பேற்று வார்டில் தாதி. அவர்களுடைய பக்கத்தில் வெதுப்பகத்தில் வேலை செய்பவர், சுங்க அலுவலர், இரண்டு பாடசாலை ஆசிரியைகள். இவர்களில் எவரும் தேசிய அணியைக் கிட்டவும் நெருங்கியதில்லை. வேறொரு நாட்டுக்கு எதிராக இவர்கள் ஆடுவது வருடத்தில் அந்த மூன்று நாள் மட்டும்தான். ஆனால் ஆடும்போது பார்க்க வேண்டும். நான் பெரிய ஆட்டங்களும் பார்த்திருக்கிறேன். ஒரு பக்குக்காக, அந்தச் சின்ன இறப்பர் வட்டுக்காக, இவ்வளவு முழுமனதோடு மோதியவர்களை வேறெங்கும் கண்டதில்லை. மோதி விழுந்தவரைக் கை கொடுத்துத் தூக்குபவரும் மோதியவராகவே இருப்பார்.

அந்தத் தொடர் அப்போது நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. நான்கு வருடங்களுக்கு முன் இங்கே நடந்த ஆட்டத்தில், கடைசி விநாடியில் நாங்கள் ஒரு கோல் போட்டோம். லண்டன்காரர் மணிக்கூட்டைப் பிந்தி நிறுத்தினார்கள் என்று அவர்கள் நம்பினார்கள். பெரிய சச்சரவு. அதன்பின் ஒவ்வோர் அணியும் தன் பெட்டிக் கதவுக்குத் தன் ஆளையே கொண்டுவருவது வழக்கமாகிவிட்டது. அந்த வருடம் வருவதற்கு முன் அவர்களுடைய முகாமையாளர் எழுதியும் இருந்தார்: நேரத்தில் இன்னொரு முறை சந்தேகம் வந்தால், இதுவே கடைசி வருகை.

அவர்கள் கொண்டுவந்த கதவுக்காரர் யார் தெரியுமா? மன்னார்க்காரர். சூசை அண்ணை. பாரிஸுக்கு வடக்கே குடியிருந்தார். மகள் அந்த அணியில் ஆடினாள். கழுத்தில் ஒரு நிறுத்தற் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டுதான் வருவார். அடுத்தடுத்த பெட்டிகளில் நானும் அவரும் முழங்கை இடிபட இருப்போம்.

"தம்பி, உங்கட லண்டன் மணிக்கூடு இண்டைக்கு எப்பிடி? கெதியா ஓடுமோ, ஆறுதலா ஓடுமோ?" என்பார் வந்ததும் வராததுமாக.

"உங்கட ஆக்கள் வெண்டால் சரியா ஓடும் அண்ணை" என்பேன். இதில் பாதி பகிடி. மற்றப் பாதிக்குத்தான் அந்தக் கடிகாரம்.

வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் நாங்கள் வென்றிருந்தோம். சனிக்கிழமையும் வென்றால் தொடர் எங்களுக்கு. ஏழு வருடமாக அது எங்களுக்குக் கிடைத்ததில்லை. எங்கள் அணியில் ஒன்பதாம் இலக்கம் கவிதா. வால்தம்ஸ்டோவில் பிறந்து வளர்ந்த பிள்ளை, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அவளுக்கு முழங்கால் சத்திரசிகிச்சை ஏப்ரலுக்குக் குறித்திருந்தார்கள். அதற்குப் பிறகு ஆட முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எட்டு வருடம் அந்தத் தொடரில் ஆடியும் அவள் ஒரு கோல் போட்டதில்லை. அவளுடைய அம்மா பின்னேர ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்து கண்ணாடித் தடுப்பின் பின்னால் நின்றார்.

மூன்றாம் பகுதி. இரண்டுக்கு இரண்டு. மணிக்கூடு எட்டு நிமிடத்தைக் காட்டும்போது கவிதா ஒருவரின் காலைத் தடுக்கிவிட்டு என் பெட்டிக்குள் வந்தாள். நம்முடைய மணிக்கூடு எப்போதும் இறங்கிக்கொண்டே போகும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆறு நிமிடம் வரும்போது அவளை விட வேண்டும். ஏழு நிமிடம் பத்து விநாடியில் எண்பலகை அணைந்துவிட்டது. முழுப் பலகையும் கறுப்பு.

நடுவர் இரண்டு தலைவிகளையும் அழைத்துக் கதைத்தார். மேசையில் இருந்த நிறுத்தற் கடிகாரத்தால் ஆட்டத்தை முடிப்பது என்று ஒப்புக்கொண்டார்கள். எங்கள் தலைமைப் பதிவாளர் ஓர் ஆங்கிலேயப் பெண். என்னைவிட ஒன்பது வயது இளையவர்; ஆரம்பப் பாடசாலையில் படிப்பித்தார். அவர் கடிகாரத்தைச் சுழியத்திலிருந்து ஓடவிட்டு, பத்து விநாடிக்கு ஒரு முறை உரத்துச் சொல்வது என்று தீர்மானமாயிற்று. நான் என் கொப்பியில் எழுதினேன்: போனது 0:50. மீதி 1:10. கணக்கு சரி. கையெழுத்தும் சரி.

ஆட்டம் தொடங்கியது. அவர் பத்து என்றார், இருபது என்றார். நான் தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பது வருடம் இறங்கும் மணிக்கூட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கும் கைக்கும், ஏறும் எண்ணோடு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஐம்பது என்ற எண் மட்டும் தலைக்குள் நின்றது. அவர் "ஐம்பது" என்றதும் கதவைத் திறந்தேன்.

கவிதா வெளியே பாய்ந்த அதே நேரம் பக் சுவரில் பட்டு அவளுடைய காலடிக்கு வந்தது. அவளுக்கு முன்னால் கோல் காப்பவரைத் தவிர ஒருவரும் இல்லை. நாலைந்து தள்ளலில் போய் இடப்பக்கம் சாய்ந்து அடித்தாள். கோல்.

அந்தச் சத்தத்தை நான் எழுதி விளங்கப்படுத்த முடியாது. முழு அணியும் அவள்மேல் விழுந்தது. அவளுடைய அம்மா இரண்டு கையாலும் கண்ணாடியில் அடித்தார். நானும் எழுந்து கை தட்டினேன். பிறகு, வழக்கப்படி, வெளியே போன நேரத்தை எழுதக் குனிந்தேன். 0:50 என்று எழுதினேன். மேல் வரியில் என் கையெழுத்திலேயே நின்றது: மீதி 1:10.

நம்முடைய விதி உங்களுக்குத் தெரியும். நேரத்துக்கு முன் வெளியே வந்தவர் தளத்தில் இருக்கும்போது அவருடைய அணி போடும் கோல் செல்லாது. ஆனால் அதை அடுத்த முறை பக் விழுவதற்குள் சொல்ல வேண்டும். நடுவர் பக்கை மையப் புள்ளியில் போட்டு ஆட்டம் தொடங்கிவிட்டால் கோல் கோல்தான். பிறகு யாரும் மாற்ற முடியாது. நடுவர் மேசைக்கு வந்து, கோல் ஒன்பதாம் இலக்கத்துக்கு, பக்கைக் கொடுத்து உதவியவர் இல்லை என்று சொல்லிவிட்டு மையத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். அரை நிமிடம் இருந்திருக்கும்.

அந்த அரை நிமிடத்தில் எனக்குள் என்ன ஓடியது என்று நாட்குறிப்பில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறேன். முதலில் கவிதாவின் முழங்கால். பிறகு ஏழு வருடம். பிறகு, இதைச் சொன்னால் மேசையில் பிழை என்று நானே ஒப்புக்கொள்வதாகும், முகாமையாளருக்கு அதுவே போதும், தொடர் இன்றோடு முடிந்துவிடும் என்பது. அதுதான் மிகவும் கெட்டிக்காரத்தனமான எண்ணம். தொடரைக் காப்பாற்றுவதற்காகவே வாயை மூடுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம். பக்கத்துப் பெட்டியைப் பார்த்தேன். சூசை அண்ணை தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார். பிரெஞ்சு அணியில் எவரும் முறையிடவில்லை. பலகை அணைந்த குழப்பத்தில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரிந்தது.

நான் துணிந்து எழுந்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் கொப்பிதான் என்னை எழுப்பியது. அந்த இரண்டு எண்களும் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக நின்றன. அவற்றில் ஒன்றை அழித்தால்தான் நான் அன்று வீட்டுக்குப் போகலாம். எந்த ஆட்டத்திலும் நான் ஓர் எண்ணை அழித்ததில்லை.

பதிவாளரிடம் திரும்பி, இருபது விநாடி முந்தித் திறந்துவிட்டேன் என்றேன்.

அவர் நிச்சயமா என்று கேட்கவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. எழுதியிருக்கிறதா என்று மட்டும் கேட்டார். கொப்பியைக் காட்டினேன். ஒரு பார்வை. உடனே மேசைக்குக் கீழிருந்த கை ஹோர்னை எடுத்து நீளமாக அடித்தார். பக்கைப் போடக் குனிந்திருந்த நடுவர் நிமிர்ந்தார்.

அடுத்து பதிவாளர் செய்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நடுவர் தனியாக மேசைக்கு வந்தபோது அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு தலைவிகளும் வரட்டும் என்றார். வந்தார்கள். மூவரையும் ஒன்றாக நிறுத்தி, ஒரே தடவை, ஒரே வசனத்தில் சொன்னார்: மேசை கதவை இருபது விநாடி முந்தித் திறந்துவிட்டது, இது மேசையின் பிழை. என் பெயரைச் சொல்லவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. எங்கள் தலைவியின் முகம் வெளுத்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். பதிவாளர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். தலைவி வாயை மூடிக்கொண்டு போனார். நடுவர் கைகளை விரித்துக் கோலை ரத்துச் செய்தார். அந்தச் சத்தத்தையும் எழுத முடியாது.

விதிப்படி கவிதா மீதி இருபது விநாடியையும் இருந்து முடிக்க வேண்டும். யாருடைய பெட்டியில்? என்னுடையதில். வந்தாள். பக்கத்தில் தொப்பென்று இருந்தாள். தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அவளுடைய அம்மா என்னைப் பார்த்து என்னவோ சொன்னார். நல்ல காலம், கேட்கவில்லை.

"ஷுவரா, அங்கிள்?"

"ஓம் பிள்ளை. இருபது செக்கன். என்ர பிழை."

நடுவர் மையத்துக்குப் போனார்.

"அப்ப இந்த முறை சத்தமா எண்ணுங்கோ. எனக்குக் கேக்கவேணும்." மூச்சு வாங்கிக்கொண்டு சேர்த்தாள். "தமிழில எண்ணுங்கோ. பிரெஞ்சுக்காரருக்கு விளங்கக் கூடாது."

அடுத்த பெட்டியிலிருந்து சூசை அண்ணை எட்டிப் பார்த்தார். "பிள்ளை, எனக்கு விளங்கும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் சேர்ந்துதான் வந்தது. பக் விழுந்தது. நான் இருபதிலிருந்து கீழே எண்ணினேன். ஒன்று என்று முடித்ததும் கதவைத் திறந்தேன். அவள் என் தோளில் கையுறையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். என் வேலைக்காலத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதை முதலாவதாக வைக்கிறேன். அது பாராட்டுத்தானா என்று இன்றைக்கும் நிச்சயமில்லை.

இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது அவர்கள் மூன்றாவது கோலைப் போட்டார்கள். தோற்றோம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமையும், ஒன்றுக்குச் சுழியம் என்று தோற்றோம். கவிதா கோல் போடவில்லை. ஏப்ரலில் சத்திரசிகிச்சை நடந்தது. பிறகு அவள் ஆடவில்லை. அவளுடைய அம்மா கோவிலில் என்னைக் கண்டால் ஒரு வருடத்துக்கு மேல் மற்றப் பக்கம் திரும்பினார். உண்மையைச் சொன்னால் எல்லாம் நல்லபடி முடியும் என்று உங்களுக்குச் சொல்ல என்னிடம் சான்று இல்லை. ஒரு பெண்ணின் ஒரே கோல் என் கையால் வந்தது, என் வாயால் போனது. அது இரண்டும் என் கணக்கில்தான்.

ஆனால் சனிக்கிழமை பின்னேரம் இன்னும் முடியவில்லை.

அந்தத் தொடரில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் இரு அணியும் கன்ரீனில் கூடும். தோற்ற அணியின் தலைவி, நடுவர் கையெழுத்திட்ட ஆட்டத் தாளை எல்லோருக்கும் உரக்க வாசிப்பார். யார் எப்போது கோல் போட்டார், யார் எதற்காகப் பெட்டிக்குள் போனார், எல்லாம். யார் தொடங்கிய வழக்கமோ தெரியாது. வேறெவரும் அந்த ஆட்டங்களை எழுதாததால் அவர்களே எழுதி அவர்களே வாசித்துக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். அந்தத் தாள்கள் அடுக்கிய பெட்டியைத் தவிர அந்தத் தொடருக்கு உலகத்தில் வேறு சாட்சி இல்லை. நீங்கள் தாளில் எழுதும் ஒவ்வோர் எண்ணும் அந்தப் பெட்டிக்குள்தான் போகிறது.

எங்கள் தலைவி எழுந்து வாசித்தார். குரல் தட்டையாக இருந்தது. குறிப்புப் பகுதிக்கு வந்தார். பதிவாளரின் கையெழுத்தில் இருந்ததை அப்படியே வாசித்தார்: ஒன்பதாம் இலக்கத்தின் கோல் செல்லாது, மேசை கதவை இருபது விநாடி முந்தித் திறந்தது, மேசையே அறிவித்தது. பிறகு அவர்களுடைய கோல் காப்பவர், அந்த வெதுப்பகப் பெண், மேசையில் உள்ளங்கையால் தட்டத் தொடங்கினார். தளத்தில் ஹொக்கி மட்டையால் தட்டி மரியாதை செய்வார்களே, அதே தட்டு. அவர் கவிதாவைப் பார்த்துத் தட்டினார். மற்றவர்களும் சேர்ந்தார்கள். பிறகு எங்களுடைய ஆட்களும்.

தேநீர் எடுக்க நான் ஒதுங்கியபோது சூசை அண்ணை பின்னால் வந்தார். கழுத்துக் கடிகாரத்தைக் கையில் பிடித்திருந்தார்.

"தம்பி, ஒண்டு சொல்லட்டோ. ஒருத்தரிட்டயும் சொல்லாதையும்."

"சொல்லுங்கோ அண்ணை."

"பலகை நூந்த உடன நானும் இதை அமத்தியிருக்கவேணும். மறந்திட்டன். இஞ்ச பாரும், சுழியத்தில நிக்குது." கடிகாரத்தை நீட்டினார். "உங்களைப் பிடிக்கத்தான் நாலு வருசமா என்னை அனுப்பினவை. நீர் சொல்லாட்டி எனக்கு ஒரு மண்ணும் தெரிஞ்சிராது."

சீனி எத்தனை கரண்டி என்று கேட்டேன்.

அவர் போய் முகாமையாளரோடு பிரெஞ்சில் நெடுநேரம் கதைத்தார். தன் கடிகாரத்தையும் காட்டியதைக் கண்டேன். ஒருவரிடமும் சொல்லாதே என்று என்னிடம் சொன்னவர் தானே போய்ச் சொல்லிவிட்டார். முகாமையாளர் எங்கள் பதிவாளரிடம் வந்து கையை நீட்டினார். மறு வருடம் அவர்களுடைய ஊரில் எந்த வார இறுதி வசதி என்று கேட்டார். மறு வருடம் கொரோனா வந்தது, எல்லாம் அடைபட்டது, அது வேறு கதை. ஆனால் மீண்டும் திறந்ததும் முதலில் வந்த கடிதம் அவர்களுடையது. தொடர் இன்றைக்கும் நடக்கிறது. இன்றைக்கும் ஒரு பத்திரிகையும் எழுதுவதில்லை.

பஸ்ஸில் ஏறப் போகும்போது சூசை அண்ணை என்னிடம் திரும்பினார்.

"நாளைக்கு எங்கட கதவையும் நீரே திறவும். முகாமையாளரும் ஓம் எண்டிட்டார். நான் மேல போய் இருந்து மகள் ஆடுறதைப் பாக்கப்போறன். நாலு வருசமா வாறன், ஒரு மட்சும் வடிவாப் பாக்கேல்ல. மணிக்கூட்டைத்தான் பாத்தனான்."

மார்ச் 17, ஞாயிறு. ஏழு இருபத்தைந்துக்கு ரிங்கைத் திறந்தேன். முதல் வேலையாக, இரண்டு பெட்டிகளுக்கும் நடுவிலிருந்த தடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு கதவும் கைக்கு எட்டும்படி என் நாற்காலியை நடுவில் போட்டேன்.